வைஃபையைத் தடுமாற வைப்பது ஸ்பீக்கரா? கண்டுபிடிக்கும் வழியும் சரிசெய்யும் முறையும்

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பஹாவ் போன்ற தோட்டப் பட்டணங்களில் வைஃபை இழுத்தடித்தால் பலரும் உடனே அதிக வேகப் பேக்கேஜுக்கு மாறிவிடுகிறார்கள். வீட்டில் நெஸ்ட் மினி, எக்கோ டாட் போன்ற, பேச்சுக்குக் கட்டுப்பட்டு வைஃபையில் ஓடும் ஸ்பீக்கர் இருந்தால், மாதக் கட்டணத்தை ஏற்றிக்கொள்வதற்கு முன் அதைச் சோதித்துவிடுங்கள்.

கைப்பேசியில் பிங் செயலி (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது) ஒன்றைப் போட்டு, ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும்; ரவுட்டருக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் பார்க்கலாம். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே நின்று சோதியுங்கள். திரை அணையக் கூடாது, அணைந்தால் கைப்பேசியே பதிலைத் தாமதப்படுத்தும். எல்லாம் சரியாக இருந்தால் 10 மில்லிசெகண்டுக்குள் பதில் வந்துகொண்டிருக்கும். இப்போது ஸ்பீக்கரில் மின்னல் எஃப்.எம். போடச் சொல்லுங்கள். எண் 200, 300 என்று எகிறி, ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கியதும் இறங்கினால் காரணம் அதுதான். பிடுங்கிய பிறகும் எகிறினால் ஸ்பீக்கரைக் குறை சொல்ல வேண்டாம். ரவுட்டர் உடனுக்குடன் பதில் தந்தும் இணையம் மட்டும் மெதுவாக இருந்தால், சிக்கல் வெளியே லைனில். அப்போது இணையச் சேவை நிறுவனத்தை அழைக்கலாம்.

பாட்டு கேட்பதற்கு ஸ்பீக்கர் எடுப்பது விநாடிக்குச் சில நூறு கிலோபிட்தான். 30 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 30 மெகாபிட்) லைனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தட்டுப்பாடு வருவது வேறு இடத்தில். வைஃபை ஓடும் அலைப்பாதைக்குச் சேனல் என்று பெயர். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்கும். முன்கூடத்தில் ரவுட்டர், பின்னால் சமையலறையில் ஃப்ரிட்ஜ் மேல் ஸ்பீக்கர், நடுவே இரண்டு செங்கல் சுவர். சிக்னல் நலிந்ததும் இணைப்பின் வேகம் தானாகவே குறைந்துவிடும். 1500 பைட் பாக்கெட் (தரவுப் பொட்டலம்) ஒன்று 54 எம்பிபிஎஸ் வேகத்தில் கால் மில்லிசெகண்டுக்குள் போய்விடும். 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் அதே பாக்கெட் 12 மில்லிசெகண்ட் பிடிக்கும். அந்த 12 மில்லிசெகண்டும் மகனுடைய ஆன்லைன் வகுப்பு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு வைஃபையும் இதே வரிசையில் நிற்கிறது.

அதனால் முதலில் இடத்தை மாற்றுங்கள். பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைப் போட்டு அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் பல மாடல்கள் சிக்னல் அளவையும் காட்டும். டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு; −65 டிபிஎம் நல்லது, −75க்குக் கீழே போனால் தொல்லை. இரும்பு அலமாரி மேலும் டிவிக்குப் பின்னாலும் ஸ்பீக்கர் வேண்டாம். ரவுட்டரை ஒட்டியும் வேண்டாம், ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். கைப்பேசியிலிருந்து புளூடூத்தில் பாட்டு அனுப்பினால் அதுவும் வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே ஓடி, இடைஞ்சல் தரும்.

அடுத்தது இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ். நெஸ்ட் மினி, எக்கோ டாட் இரண்டுமே இதை ஏற்கும். ரவுட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, ஸ்பீக்கரின் செயலியில் பழைய வைஃபையை மறக்கச் செய்து, ஸ்பீக்கரை 5இல் இணையுங்கள். சேனல் 36 முதல் 48க்குள் வைத்தால் ரேடாருக்காக இடம் விட வேண்டிய தொல்லை இல்லை. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டினால் சோர்ந்துபோகும். சமையலறை எட்டத்தில் இருந்தால் 2.4தான் சரி. அங்கே சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக்கி, 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததைப் பிடியுங்கள். காலியாகத் தெரிகிறதே என்று 3 அல்லது 4ஐப் போட்டால் இரண்டு பக்கத்துச் சேனல்களோடும் உரசும். 802.11பி என்ற பழைய முறையை அணைக்க வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். எல்லாருக்கும் பொதுவாகப் போகும் பாக்கெட்டுகள் 1 எம்பிபிஎஸ்ஸில் ஊர்வது நிற்கும்.

கைப்பேசி உறக்கத்திலிருந்து விழித்ததும் வீட்டு வைஃபை முழுக்கப் படுத்துக்கொண்டால் அது வேறு நோய். 2018 ஜனவரியில், கைப்பேசியிலிருந்து பாட்டையும் படத்தையும் ஸ்பீக்கருக்கோ டிவிக்கோ அனுப்பும் கூகளின் காஸ்ட் வசதியில் இப்படி ஒரு பிழை வந்தது. அந்தக் கருவிகளைத் தேடி வழக்கமாக 20 விநாடிக்கு ஒருமுறை போக வேண்டிய பாக்கெட்டுகள், கருவி விழித்தவுடன் ஒரே மூச்சில் கொட்டின. சில நேரம் ஒரு லட்சத்தையும் தாண்டின. ரவுட்டர்கள் திணறி விழுந்தன. அதே மாதம் கூகள் திருத்தம் வெளியிட்டது, ரவுட்டர் தயாரிப்பாளர்களும் புதிய ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) கொடுத்தார்கள். பழைய ரவுட்டரும் அப்டேட் செய்யாத பழைய கைப்பேசியும் சேர்ந்திருந்தால் இரண்டையும் புதுப்பியுங்கள். ஸ்பீக்கரை விருந்தினர் வைஃபைக்குத் தள்ளுவதும் ஒரு வழி. ஆனால் அங்கே போனால் கைப்பேசியிலிருந்து காஸ்ட் செய்வது பெரும்பாலும் வேலை செய்யாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். செய்ததும் இரவு 8 மணிக்கு மேல், அக்கம்பக்கத்தார் எல்லாரும் வீட்டில் இருக்கும்போது மறுபடி பிங் பாருங்கள்.

மாலையில் இடி இடித்தால் பிளக்கைக் கழற்றிவிடுவது நம் பக்கத்து வழக்கம், நல்ல வழக்கமும்கூட. சேனல் ‘ஆட்டோ’வில் இருந்தால், திரும்ப மாட்டும்போது ரவுட்டர் வேறு சேனலைத் தேர்ந்துகொள்ளலாம்; நேற்று சரிசெய்தது இன்று கெட்டுப்போவதற்கு இதுவும் காரணம். சேனலைக் கையாலேயே நிலையாக வையுங்கள். மாட்டும்போது ரவுட்டரை முதலில் போட்டு, விளக்குகள் நிலைத்த பிறகு ஸ்பீக்கரைப் போடுங்கள்.