கிராம்பும் அட்டைப்பெட்டியும் போதும்: வீட்டு நாய்க்கு மோப்பப் பயிற்சி

நம்ம ஊர்ப் பக்கம் மோப்ப நாய் என்றாலே பேப்பர் செய்திதான் ஞாபகம் வரும். திருட்டு நடந்த வீட்டுக்குப் போலீஸ் நாய் வந்தது, கொஞ்ச தூரம் ஓடி நின்றது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. அதனால் மோப்பப் பயிற்சி என்பது போலீஸ்காரர்கள் அல்சேஷனுக்குக் கொடுப்பது என்றே பலரும் இருந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் நாட்டு நாய்க்கும் அருமையான மூக்கு இருக்கிறது. அதற்கு வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இந்தப் பயிற்சியை நான் விடாமல் சிபாரிசு செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாய் ஏன் கடிக்க வருகிறது, ஏன் ராத்திரி முழுக்கக் குரைக்கிறது என்று தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு, காரணத்தை நாயே காட்டிக்கொடுக்கும் இடம் இந்த விளையாட்டு. எப்படி என்று போகப்போகச் சொல்கிறேன்.

மூக்கைப் பற்றி கொஞ்சம்

மணத்தை உணரும் ஏற்பிகள் நமக்குச் சுமார் 60 லட்சம். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 10 கோடியிலிருந்து 30 கோடி வரை. நாய் மூக்குத் துளை வழியாகக் காற்றை இழுத்து, ஓரத்தில் இருக்கும் கீற்று வழியாக வெளியே விடும். அதனால் உள்ளே வரும் மணம் கலையாமல் வந்துகொண்டே இருக்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது இந்த வேலை சரியாக நடக்காது. நாக்கு வெளியே வந்துவிட்டால் அன்றைய பயிற்சி அத்தோடு போதும்.

சார்லட் டுராண்டன், அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 20 வீட்டு நாய்கள். பாதிக்கு இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு, மீதிக்கு ஆளை ஒட்டி நடக்கும் பயிற்சி. தீனி இருக்குமா இருக்காதா என்று சந்தேகமான இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்து, நாய் எவ்வளவு வேகமாக அதை நோக்கிப் போகிறது என்று பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். மோப்ப விளையாட்டு ஆடிய நாய்கள் முன்பைவிடச் சீக்கிரமாகப் போயின. ஒட்டி நடந்த நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. ‘இருக்கும், போய்ப் பார்ப்போம்’ என்கிற தெம்பு மூக்கை உபயோகித்த நாய்களுக்கு வந்திருக்கிறது. பயந்த சுபாவமுள்ள நாய் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படி 1: தயார் செய்வது

நல்ல தீனி வேண்டும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி, ஈரல், அல்லது முள் எடுத்த சாளை மீன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கினால் போதும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். குழம்பில் கிடந்த துண்டும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது.

நேரம் காலை எட்டு மணிக்கு முன், இல்லாவிட்டால் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே வேண்டாம். டைல்ஸ் தரை வழுக்கும், பழைய சாக்கு இரண்டு விரித்துவிடுங்கள். முதல் சில நாள் வீட்டுக்குள் ஒரே அறைதான். முற்றத்தில் கோழி, அணில், பக்கத்து வீட்டு மீன்சட்டி என்று ஆயிரம் மணம் இருக்கும்.

படி 2: பெட்டி விளையாட்டு

பலசரக்குக் கடையில் ஐந்தாறு அட்டைப்பெட்டி வாங்குங்கள். சோப்பு வந்த பெட்டி வேண்டாம், மணம் போகவே போகாது. உள்ளே ஸ்டேப்ளர் பின் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். மேல்மூடிகளை உள்பக்கமாக மடித்துவிட்டு, அறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வையுங்கள். ஒன்றில் பேனாவால் அடையாளம் போடுங்கள். தீனி எப்போதும் அந்த ஒரு பெட்டியில்தான். மற்றவற்றில் போட்டால் மணம் ஒட்டிக்கொண்டு நாய் குழம்பும்.

முதல் நாள் நாய் பார்க்கும்படியே அடையாளப் பெட்டியில் இரண்டு மூன்று துண்டு போட்டு, நாயை விடுங்கள். அப்புறம் நீங்கள் செய்ய வேண்டியது சும்மா நிற்பது. இதுதான் கஷ்டம். ‘அங்க பாரு, இங்க பாரு’ என்று கை நீட்டக் கூடாது. நாய்கள் மனிதக் கை காட்டும் திசையைப் படிப்பதில் கெட்டிக்கார ஜாதி. கை நீட்டினால் மூக்கை விட்டுவிட்டு உங்கள் கையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். நாய் கண்டுபிடித்துத் தின்னத் தொடங்கியதும் பக்கத்தில் போய், அதே பெட்டிக்குள் இன்னொரு துண்டு போட்டு, ‘சபாஷ்’ சொல்லுங்கள். பரிசு கிடைக்கும் இடமும் மணம் இருக்கும் இடமும் ஒன்று என்று அது மனதில் பதியும்.

மூன்று நான்கு முறை ஆடினால் நிறுத்திவிடுங்கள். இன்னும் ஆட வேண்டும் என்று நாய் நினைக்கும்போதே முடிப்பது நல்லது. பிறகு நாய் பார்க்காதபோது ஒளித்து வையுங்கள். பெட்டியை நாற்காலி மேல் வையுங்கள், மூடியைப் பாதி சாத்துங்கள், அடுத்த அறைக்கு மாற்றுங்கள். இதில் அவசரம் எதுவும் இல்லை.

பெட்டி சொல்லும் சேதி

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் லாப்ரடார் இனத்து நாய். அதுவரை சாதுவாக இருந்தது, சின்னப் பையன் தலையைத் தடவினால் உறுமத் தொடங்கியது. “இந்தப் பட்டிக்குக் கிறுக்கு புடிச்சுப் போச்சு மக்ளே, எங்கயாவது கொண்டு விட்டுரலாமா?” என்று அந்த வீட்டு அம்மா என்னிடம் கேட்டார். (எங்கள் பக்கம் நாயைப் பட்டி என்போம்.) பெட்டிகளை வைத்துப் பார்த்தோம். நாய் சரியான பெட்டிக்கு நேராகப் போனது. மூக்கை விளிம்பு வரை கொண்டுபோகும், தலையை உள்ளே விடாது. மறுபடி விளிம்பு, மறுபடி பின்வாங்கல். தீனியைத் தட்டில் வைத்தால் உடனே தின்றது. அப்படியென்றால் பசி இருக்கிறது, மணமும் தெரிகிறது, பெட்டியைக் கண்டும் பயமில்லை. தலை உள்ளே போகும்போது பெட்டியின் ஓரம் காது மடலில் உரசுகிறது, அதுதான் பிரச்சினை. மடலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சிவந்து, கறுப்பாக அழுக்கு, புளித்த வாடை. கால்நடை மருத்துவமனையில் காதைச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார்கள். காது ஆறிய பிறகு உறுமலும் இல்லை.

பெட்டி விளையாட்டு நன்றாகத் தெரிந்த நாய் திடீரென்று எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். மேலே வைத்ததை எடுக்கிறது, தரையில் இருப்பதற்குக் குனிய மாட்டேன் என்கிறது: கழுத்து வலியோ முதுகு வலியோ இருக்கலாம். படியேறிப் போய்த் தேட மறுக்கிறது: இடுப்பு அல்லது கால் மூட்டு. பிடித்த ஈரலையே மோந்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது: காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம்ம மாவட்டத்து ஈரப்பதத்தில் உண்ணிக்குப் பஞ்சமில்லை, உண்ணிக் காய்ச்சலில் முதலில் போவது சாப்பாட்டு ஆசையும் சுறுசுறுப்பும்தான். ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பயிற்சி முறையைக் குறை சொல்வதற்கு முன் வலியைத் தேடுவது என் வழக்கம். திடீரென்று மாறிய குணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது டாக்டரை.

உடம்பில் குறை இல்லை என்றால் அடுத்தது பயம். பயந்த நாய் தீனி எடுக்காது. வாசல் பக்கம் வைத்த பெட்டிக்கு மட்டும் போகவில்லையா? வாசலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கேட்டுக்கு வெளியே தெருநாயா, பைக் சத்தமா, முந்தின நாள் அங்கே யாராவது கம்பால் அடித்தார்களா? உதட்டை நக்குவது, தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பது, வாலை ஒடுக்குவது எல்லாம் ‘எனக்குப் பிடிக்கவில்லை, விடு’ என்பதற்கு அடையாளம். தீபாவளியில் தொடங்கி கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று இங்கே வெடிச்சத்தம் ஓய்வதில்லை. அந்த நாட்களில் ஜன்னல் சாத்திய உள் அறையில் லேசான பெட்டி விளையாட்டு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாய் வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள்.

இந்தப் பயத்தின் வேர் பல சமயம் குட்டிப் பருவத்தில் இருக்கும். மூன்றாவது வாரம் முதல் பதினாலாவது வாரம் வரை பார்த்த ஆட்களையும் கேட்ட சத்தத்தையும்தான் குட்டி ‘இது சகஜம்’ என்று எடுத்துக்கொள்ளும். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதி சொல்கிறது. நடப்பில் அதற்கு முன்பே தாயிடமிருந்து பிரித்து வாங்கி வந்து, கேட் ஓரத்தில் சங்கிலியில் கட்டிவிடுகிறோம். தாயும் இல்லை, கூடப்பிறந்ததும் இல்லை, வீட்டு ஆட்களும் பக்கத்தில் இல்லை. பகல் முழுக்கக் கட்டிக்கிடக்கிற நாய் குரைக்கும், தோண்டும், செருப்பைக் கடிக்கும். வேறு என்ன வேலை இருக்கிறது அதற்கு?

அடி மட்டும் வேண்டவே வேண்டாம். உறுமினால் அடிக்கும் வீட்டில் நாய் உறுமலை விட்டுவிடும், உள்ளே இருக்கும் பயம் அப்படியே இருக்கும். அப்புறம் எச்சரிக்கை இல்லாமல் நேரே கடி. உறுமுகிற நாய் உங்களுக்கு விலகிப்போக நேரம் கொடுக்கிறது. ஒருவேளை கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாய் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

படி 3: கிராம்பு

தீனியைத் தேடுவது நன்றாக வந்ததும், தின்ன முடியாத ஒரு மணத்தைத் தேடச் சொல்லலாம். இதற்கு கிராம்பைவிடத் தோதான பொருள் எனக்குத் தெரியவில்லை. மாறாமலை, கரும்பாறைப் பக்கம் விளையும் நம்ம கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசனைக்குப் பெயர் போனது.

காய்ந்த கிராம்பு இரண்டே இரண்டு போதும். கிராம்பு எண்ணெய் வேண்டாம், நாயின் மூக்குக்கு அது அதிகம், உள்ளே போனால் ஆபத்து. கிராம்பையும் தின்னவிடக் கூடாது. சின்ன எவர்சில்வர் டப்பா ஒரே மாதிரி நான்கு எடுங்கள். மூடியில் மெல்லிய ஆணியால் வெளியிலிருந்து உள்ளே குத்தி ஐந்தாறு துளை போடுங்கள். அப்போதுதான் கூர்முனை உள்பக்கம் இருக்கும், மூக்கில் குத்தாது. ஒரு டப்பாவில் கிராம்பு, மற்றவை காலி. முதலில் காலி டப்பாக்களைத் தொட்டு வையுங்கள், கடைசியில்தான் கிராம்பு டப்பா. கிராம்பு தொட்ட கையோடு காலி டப்பாவைத் தொட்டால் அதுவும் கிராம்பாகிவிடும். நான்கையும் உங்கள் கையால் தொட்டிருப்பதும் முக்கியம். கிராம்பு டப்பாவை மட்டும் தொட்டிருந்தால் நாய் உங்கள் கை வாசனையைத் தேடிப் போய்விடும்.

சில நாள் கிராம்பு டப்பாவை அடையாளப் பெட்டிக்குள் வைத்து, அதன் மேலேயே தீனி. பிறகு தீனியை எடுத்துவிட்டு டப்பா மட்டும். நாய் டப்பாவை மோந்த அந்த நொடியில் ‘சபாஷ்’, உடனே டப்பாவின் அருகிலேயே தீனி. நாள் போகப்போக ஒன்றிரண்டு விநாடி பொறுத்துக் கொடுங்கள். அந்த இடைவெளியில் நாய் தன் பாஷையில் சொல்லும்: சில நாய் சிலையாக நிற்கும், சிலது உட்காரும், சிலது டப்பாவையும் உங்களையும் மாறி மாறிப் பார்க்கும். அதுவாகச் செய்வதையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ‘உட்கார்’ என்று நீங்கள் கட்டளை போட வேண்டாம்.

படி 4: வெளியே, காற்றோடு

வெளியில் மணம் காற்றோடு போகும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் காற்றாலை சுற்றும் நாளில் டப்பாவின் மணம் நெடுந்தூரம் போய்ச் சிதறும். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மழைக்குப் பிறகு காற்று அசையாமல் நிற்கும்போது மணம் டப்பாவைச் சுற்றியே தேங்கிக் கிடக்கும். பக்கத்தில் போனால்தான் நாய்க்குப் பிடிபடும். காற்றின் திசை தெரிய ஒரு சிட்டிகை இலவம்பஞ்சைப் பிய்த்து ஊதிவிடுங்கள். பஞ்சு போகும் பக்கம் தள்ளி நின்று நாயை விட்டால், மணம் அதைத் தேடி வரும். நாய் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து போவதைப் பார்ப்பீர்கள். மணம் இருக்கும் பட்டையின் ஓரத்தைத் தொட்டுத் திரும்புகிறது, போகப்போக வளைவு குறுகும், சட்டென்று தலை திரும்பும். கயிற்றை இழுக்காமல் தளரவிடுங்கள், இந்த இடத்தில் இழுத்தால் எல்லாம் கெட்டுவிடும்.

தோட்டத்தில் சருகு மூடிய இடம் வேண்டாம், பாம்பு இருக்கும். எலி விஷம் வைத்த தென்னந்தோப்பும், ரப்பர் ஷீட் அடிக்க ஆசிட் வைத்திருக்கும் கொட்டகையும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரலிடுக்கு, வாலடி மூன்றையும் தடவிப் பார்த்து, உண்ணி இருந்தால் எடுத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வையுங்கள்.