கரிசல் காட்டில் வீடு: சித்தூர் தாலுகாவில் மனை வாங்குவோர் கவனத்துக்கு

கோயம்புத்தூரிலோ பாலக்காட்டிலோ வேலை பார்த்துக்கொண்டு, கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி பக்கம் இருபது முப்பது சென்ட் வாங்கி விருப்பப்படி ஒரு வீடு கட்ட நினைப்பவர்கள், பெரும்பாலும் கையில் பிளானோடுதான் வருகிறார்கள். பிளானை மடித்து வைத்துவிட்டு முதலில் மண்ணைப் பாருங்கள். கேரளத்தில் கரிசல் மண் பெரும்பாலும் இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது என்பதால், வெட்டுக்கல் (செம்புரைக்கல்) பூமியில் பழகிய மேஸ்திரியின் அனுபவம் இங்கே முழுதாகக் கைகொடுக்காது.

அதற்கும் முன்னால் ஒரு சொல்லில் ஏமாறாதீர்கள். நமக்கு ‘நிலம்’ என்றால் எந்தப் பூமியும் நிலம்தான். வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டிலோ அது நெல்வயலைக் குறிக்கும், வீடு கட்டத் தோதானது ‘புரயிடம்’. 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி தயாரான டேட்டா பேங்கில் (நெல்வயல், ஈரநிலங்களின் பட்டியலில்) உங்கள் சர்வே எண் இருந்தால், அதிலிருந்து நீக்கக் கோரிப் படிவம் 5 கொடுக்க வேண்டும். டேட்டா பேங்கில் இல்லாமல் பதிவேட்டில் மட்டும் ‘நிலம்’ என்றிருந்தால், தன்மை மாற்றத்துக்குப் படிவம் 6. ஆதாரம் (கிரயப் பத்திரம்), குடிக்கடச் சான்று (வில்லங்கச் சான்று), கரம் (நிலவரி) கட்டிய ரசீது ஆகியவற்றோடு இதையும் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

இனி மண். எங்கள் வீட்டை வெளியூர் கான்ட்ராக்டர் ஒருவர் இரண்டடி ஆழக் கருங்கல் கட்டின் மேல் எழுப்பினார். ஐப்பசி மழையில் பின்கதவு சாத்த வரவில்லை. பங்குனியில் அதே கதவின் தாழ்ப்பாள் குழிக்கு எட்டவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக இறங்கிய வெடிப்பில் ஐந்து ரூபாய் நாணயம் நிற்கும். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் சுவரையும் கூடவே தூக்கி இறக்கியதன் விளைவு அது.

உப்புகிற அளவை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வீடு வரும் இடத்தில் ஆறடிக் குழி வெட்டி, இரண்டடிக்கு ஒரு முறை மண் எடுத்து, உலர்த்தி, மிக நுண்ணிய சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக நிறுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி அளவுக் குழாய்கள் இரண்டில் ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி, மண்ணைப் போட்டுக் குமிழி போகக் கலக்கி, 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 12 மில்லியும் தண்ணீரில் 21 மில்லியும் மண் நின்றால், வித்தியாசமான 9-ஐ 12-ஆல் வகுக்க 75 சதவீதம் வரும். 50-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை தேவை. 100-ஐத் தாண்டினால் ஆய்வகச் சோதனையும் கட்டமைப்புப் பொறியாளரும் இல்லாமல் அஸ்திவாரத்தில் கை வைக்காதீர்கள்.

கரிசல் நாலைந்து அடியில் முடிந்து கீழே சுக்கானோ பாறையோ வந்தால், அதுவரை தோண்டி அங்கிருந்து எழுப்புவதே நல்லது. ஆழமாகப் போனால் அண்டர் ரீம்டு பைல் போடுவார்கள்: ஏறக்குறைய மூன்றரை மீட்டர் ஆழத்தில், அடிப்பக்கம் தண்டைப் போல் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடம்போல் விரியும் கான்கிரீட் தூண். ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணுக்குக் கீழே அது ஊன்றிக்கொள்கிறது. தூண்களின் தலையை இணைக்கும் பெல்ட்டுக்கு (கான்கிரீட் உத்தரத்துக்கு) அடியில் குறைந்தது 80 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். பெல்ட் மண்ணைத் தொட்டபடி வார்க்கப்பட்டால், உப்பும் மண் அதையே நெம்பிவிடும். வேலையாட்கள் சுலபத்துக்காக மண் மேலேயே வார்க்கப் பார்ப்பார்கள். அன்றைக்கு லீவு போட்டாவது பக்கத்தில் நில்லுங்கள்.

தோண்டிய கரிசலைத் தளத்துக்கு அடியில் திரும்பக் கொட்டக் கூடாது; வெறும் மணலும் தண்ணீரைத் தேக்கும். கிராவலை அடுக்கடுக்காகக் கெட்டித்து நிரப்புங்கள். வீட்டைச் சுற்றி ஐந்தாறு அடி அகலத்துக்கு வெளிப்புறம் சரிவாகத் தளம் போட்டு, வேப்பமரமானாலும் அது வளரக்கூடிய உயரத்துக்காவது தள்ளியே நடுங்கள்.

சித்தூர் வட்டாரத்தில் நிலத்தடி நீர் பெருமளவு உறிஞ்சப்பட்டிருக்கிறது. எனவே போர்வெல்லில் தண்ணீர் கிடைத்துவிடும் என்று நம்பிப் பிளான் போடாமல், கூரைநீர்த் தொட்டிக்கு இடம் ஒதுக்குங்கள். கிடைக்கும் தண்ணீரில் புளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று சோதிப்பதும், குடிநீர்க் கிணற்றிலிருந்து செப்டிக் டேங்கை ஏழரை மீட்டர் தள்ளி வைப்பதும் கட்டாயம்.

ஆடிக் காற்று மேற்கிலிருந்தும், மலையாளிகள் விருச்சிகக் காற்று என்று சொல்லும் கார்த்திகை மார்கழிக் காற்று கிழக்கிலிருந்தும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும். மாடியில் ஷீட் போடுவதானால் இரு திசைக்கும் தாங்குமாறு டிரஸ்ஸைப் (ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப்) பிணையுங்கள்.

மழை ஓய்ந்து, மண் இன்னும் வெடிக்காத தை மாதத்தில் அஸ்திவாரம் தொடங்கினால், ஜூன் மாத இடவப்பாதி மழைக்குள் கிராவல் நிரப்பையும் சுற்றுத்தளத்தையும் முடித்துவிடலாம்.