ஆக்டிவ்வேர் விளம்பரம்: மாடலைக் கூப்பிடும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

"அக்கா, நாலு மாடல் வேணும். ரெண்டு ரெகுலர், ஒரு பிளஸ் சைஸ், ஒரு அம்பது வயசு." ஆக்டிவ்வேர், அதாவது உடற்பயிற்சி உடை பிராண்டு தொடங்கும் தம்பி தங்கைகளிடமிருந்து இப்போதெல்லாம் மளிகைச் சீட்டு மாதிரி இப்படித்தான் மெசேஜ் வருகிறது. எண்ணம் நல்லதுதான். லெக்கின்ஸ் விளம்பரம் என்றால் மும்பையிலிருந்து ஃபிளைட்டில் வந்து இறங்கும் ஒல்லிப் பெண் ஒருத்திதான் என்றிருந்த ஊர் இது. ஆனால் ஷூட் நாளன்று போய்ப் பார்த்தால், நாங்கள் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தை இவர்கள் புதுக் கேமராவில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லைட், லொகேஷன், மாநகராட்சி அனுமதி, பெசன்ட் நகர் பீச்சில் வெயில் ஏறுவதற்குள் முடிப்பது எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எம் சைஸ் சாம்பிளை வைத்துக்கொண்டு டபுள் எக்ஸ்எல் மாடலைக் கூப்பிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோ. மாடலாக வந்தவர் பள்ளியில் பி.டி. டீச்சர், நாற்பதைத் தாண்டியவர், த்ரோபால் ஆடுகிறவர். சைஸ் டபுள் எக்ஸ்எல். லீவு போட்டுவிட்டு, முடியைப் பின்னிக்கொண்டு, சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் போட்டுவிட்ட பார்சலைப் பிரித்தால், எல்லாச் செட்டும் எம். பிராண்டுக்காரப் பையன் அசரவே இல்லை. "ஸ்ட்ரெச் துணிதானே அக்கா, இழுத்துக்கும்" என்றான்.

இழுத்துக்கொள்ளும்தான். பாலியெஸ்டர் ஸ்பான்டெக்ஸில் பிரின்ட் அடித்த துணி அளவுக்கு மீறி இழுபட்டால் உள்ளேயிருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். வெய்ஸ்ட்பேண்டு இடுப்பில் நிற்காமல் சுருண்டு உருளும். உருண்டு நின்ற இடத்தில் வயிறு பிதுங்கும். குனிந்தால் உள்ளாடையின் கோடு தெரியும். படத்தைப் பார்ப்பவருக்கு இதெல்லாம் துணியின் குற்றமாகத் தெரியுமா? "இந்த உடம்புக்கு இது தேவையா" என்றுதான் தோன்றும். எந்த நினைப்பை உடைக்க டீச்சரை வரவழைத்தார்களோ, அதையே காசு கொடுத்து உறுதிப்படுத்திக்கொண்டார்கள்.

அப்புறம் வழக்கமான வைத்தியம். வடபழனியிலிருந்து ஒரு டெய்லர் வந்தார். டாப்பின் முதுகை நடுவில் வெட்டி, கிடைத்த கறுப்புத் துணியை ஒட்டுப் போட்டார். அதற்குமேல் டீச்சர் திரும்பக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது, குதிக்கவே கூடாது. த்ரோபால் ஆடுகிறவரைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வைத்துப் படம் எடுத்தோம். டீ பிரேக்கில் அவரே கேட்டார்: "ஏம்மா, என் அளவை முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே?" யாரும் வாயைத் திறக்கவில்லை. பையன் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

ஒல்லியான மாடலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. துணி தொளதொளவென்று இருந்தால் பின்னால் நாலு கிளிப் போட்டு இறுக்கிவிடலாம்; எல்லா ஸ்டைலிஸ்ட் பையிலும் ஒரு டப்பா கிளிப் இருக்கும். சின்னதைப் பெரிதாக்க எந்தப் பையிலும் ஒன்றும் இல்லை.

நஷ்டம் படத்தோடு முடிவதுமில்லை. அந்தப் படத்தை நம்பி டபுள் எக்ஸ்எல் ஆர்டர் வரும். பல புது பிராண்டுகளில் டபுள் எக்ஸ்எல் என்பது எம் பேட்டர்னை (துணி வெட்டும் மாதிரி வரைபடத்தை) கம்ப்யூட்டரில் எல்லாப் பக்கமும் ஒரே கணக்கில் ஊதியது. உடம்பு அப்படி ஊதுவதில்லை. மார்பும் இடுப்பும் அகலமாகிற அளவுக்குத் தோள் எலும்பு அகலமாகாது, ஸ்ட்ராப் வழியும். லெக்கின்ஸின் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட நன்றாக உயர்த்தி வெட்டாவிட்டால் உட்கார்ந்ததும் இறங்கும். ஸ்போர்ட்ஸ் பிராவில் கனத்தைப் பெரும்பாலும் தாங்குவது மார்புக்குக் கீழே ஓடும் பட்டி. அதன் அகலத்தையும் எலாஸ்டிக்கின் பிடியையும் மாற்றாமல் நீளத்தை மட்டும் கூட்டிக் கொடுத்தால், பத்தடி ஓடியதுமே வாங்கியவருக்குத் தெரிந்துவிடும். ரிட்டர்ன் பார்சலுக்கும் நீங்கள்தான் காசு கட்டுவீர்கள்.

வயதும் இதே கதைதான். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு மார்பு சற்று இறங்கியிருக்கும், தோள் முன்னால் வளைந்திருக்கும், வயிற்றுப் பக்கம் இறுக்கம் தாங்காது. நரைமுடி தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாடல் முடிவான அன்றே அளவு வாங்குங்கள். "என்ன சைஸ்?" என்று கேட்காதீர்கள், ஒரு கடையின் எல் இன்னொரு கடையில் எக்ஸ்எல். (நம்மூர் உடம்புக்கென்று பொதுவான அளவுப் பட்டியல் வேண்டும் என்றுதான் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகமான நிஃப்ட் 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை ஸ்கேனர் முன் நிறுத்தி அளக்கும் இந்தியாசைஸ் திட்டத்தைக் கையில் எடுத்தது.) மார்பு, மார்புக்குக் கீழே, இடுப்பு, சீட் (பின்பக்கம்), தொடை, உயரம், அப்புறம் முன்னிடுப்பிலிருந்து கால் நடுவே போய்ப் பின்னிடுப்பு வரை: இன்ச் டேப் வைத்து எடுத்து, பேட்டர்ன் மாஸ்டருக்கு அனுப்புங்கள். பெரிய சைஸுக்குத் தனி பேட்டர்ன் போடத் தெரிந்த மாஸ்டர்கள் திருப்பூரில் இருக்கிறார்கள், எக்ஸ்போர்ட் ஆர்டரில் பழகிய வேலை அது. உற்பத்திக்கு முன் ஃபேக்டரியில் எல்லாச் சைஸிலும் ஒரு பீஸ் தைத்துப் பார்ப்பார்கள், சைஸ் செட் என்பார்கள். அதையே கேட்டு வாங்கலாம். ஆனால் கையில் கிடக்கும் ஏதோ ஒரு கலர் துணியில் தைத்துவிடுவார்கள். ஷூட்டுக்கு வேண்டிய கலர், அதே ஜிஎஸ்எம் (துணியின் கனம்) என்று எழுதிக் கொடுங்கள். வந்ததும் ஒரு ட்ரையல்: குனிந்து, உட்கார்ந்து, கையைத் தூக்கி. துணி வரவில்லையா? ஷூட்டைத் தள்ளிவையுங்கள். பின்னால் ஒட்டுப் போடும் டெய்லரைத் தேடாதீர்கள்.

பெரிய உடம்பை விதிவிலக்காக நினைப்பது

"சமூகத்துக்கு ஏதாவது பண்ணணும் அக்கா, அதான் ஒரு பிளஸ் சைஸ்." கேட்டாலே சிரிப்பு வரும். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் என்ற வகையில் வருகிறார்கள். உங்கள் கடையில் வாங்கப்போகிறவர்களே அவர்கள்தான், தர்மம் எங்கே வந்தது? இன்னொன்றும் கவனியுங்கள், அந்தக் கணக்கே 49 வயதோடு நின்றுவிடுகிறது.

சாதனைப் பாட்டி மட்டும்

வயதானவர் வேண்டும் என்றால் உடனே கோவை நானம்மாள் மாதிரி ஒருவரைத் தேடச் சொல்கிறார்கள். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கி, 99 வயதில் மறைந்த யோகா ஆசிரியை அவர். அல்லது 2017-ல் ஆக்லாந்தில் 101 வயதில் நூறு மீட்டர் ஓடிய மன் கௌர் மாதிரி. கும்பிட வேண்டியவர்கள்தான். ஆனால் அவர்களைப் பார்த்து யாரும் தனக்கு ஒரு ட்ராக் பேண்ட் வாங்குவதில்லை.

வாங்கப்போகிறவரைப் பார்க்க வேண்டுமானால் காலை ஆறு மணிக்கு மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போங்கள். சுடிதாருக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ. புடவைக்குக் கீழேயும் அதே. ஒரு முழங்காலில் மட்டும் நீ-கேப். கைக்குட்டை நுனியில் வீட்டுச் சாவியை முடிந்து, போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். இவர்களில் ஒருவரை அழைத்துவந்து, தைரியமாகத் தெரியட்டும் என்று க்ராப் டாப் மாட்டிவிட்டால் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். எதைப் போட்டு நடக்கப் பிடிக்கும் என்று அவரிடமே கேளுங்கள். சீட் மறைகிற நீள டாப், ஜிப் வைத்த பாக்கெட் என்றுதான் சொல்வார். அது உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதைத் தையுங்கள்.

முப்பது வயதுப் பெண்ணின் தலையில் வெள்ளை ஸ்ப்ரே அடிப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

குரூப் போட்டோவில் ஓரம்

மூன்று பேர் ஓடுவார்கள். நாலாமவர் யோகா பாயைச் சுருட்டிக்கொண்டு சிரிப்பார். யார் அந்த நாலாமவர் என்று சொல்ல வேண்டுமா?

'முன்', 'பின்' படங்கள்

பெரிய உடம்புக்காரருக்கு 'இளைப்பதற்கு முன்' வேடம் மட்டும் கொடுக்காதீர்கள். இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2022-ல் கொண்டுவந்த பாலினச் சித்திரிப்பு விதிகளே, ஒருவரின் சந்தோஷம் குறிப்பிட்ட உடல்வாகில்தான் இருக்கிறது என்ற மாதிரி காட்டாதீர்கள் என்கின்றன.

தலையை வெட்டுவது

ஒல்லி மாடலுக்கு முகம், தொப்பை மாடலுக்குக் கழுத்துக்குக் கீழே. எடிட்டிங் மேஜையில் இது தானாக நடக்கும், யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. பெரிய கம்பெனிகளும் இதில் மாட்டியிருக்கின்றன. 2022-ல் அடிடாஸ் ஸ்போர்ட்ஸ் பிராவுக்காகப் பல பெண்களின் வெற்று மார்பை முகமில்லாமல் கட்டம் கட்டமாகப் போட்டது. மார்பு பல வடிவம், அதனால் பிராவும் பல விதம் என்பதுதான் சொல்ல வந்தது. அடையாளம் தெரியக் கூடாதென்று முகத்தை வெட்டியதாகவும் சொன்னது. பிராவைவிட மார்புதான் முன்னால் நிற்கிறது என்று பிரிட்டன் விளம்பரத் தர ஆணையம் அதைத் தடுத்துவிட்டது. முகம் இருந்தால் அங்கே ஒரு ஆள் இருக்கிறார். உங்கள் ஆல்பத்தில் யாருக்கெல்லாம் முகம் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இடுப்பைச் செதுக்கும் ரீடச்சிங்

பிரான்ஸில் 2017 அக்டோபரிலிருந்து, மாடலின் உடம்பை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட படம்' என்று போட்டாக வேண்டும். நார்வேயிலும் 2022 முதல் அந்த மாதிரி சட்டம் உண்டு. இங்கே சட்டத்துக்குப் பயப்பட வேண்டாம், படத்தில் இருப்பவருக்குப் பயப்படுங்கள். தழும்பும் தொடை மடிப்பும் போய்விட்டிருந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். நூல் பிசிறு, தூசி, வியர்வைத் திட்டு: ரீடச்சருக்கு இந்த மூன்றை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

சம்பளம்

டி-ஷர்ட் சம்பளம் ஆகாது.

எங்கே வரும் என்று சொல்லாமல் கையெழுத்து வாங்குவது

தொழில்முறை மாடலுக்கு ரிலீஸ் ஃபார்ம், அதாவது படத்தைப் பயன்படுத்தச் சம்மதம் தரும் படிவம், தண்ணீர் பட்ட பாடு. பேங்க்கில் வேலை பார்க்கும் ஐம்பத்தைந்து வயது அம்மாவுக்கு அப்படியில்லை. இன்ஸ்டாகிராமில் மட்டும்தான் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர் ஒருவர், தன் படத்தை நங்கநல்லூரில் தன் வீட்டுப் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் பார்த்தார். ஃபார்மில் எல்லா ஊடகமும் என்று இருந்தது, பிராண்டின் பக்கம் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. அதற்கப்புறம் அவர் எந்த ஷூட்டுக்கும் வரவில்லை.

தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள்: எங்கெங்கே வரும், எத்தனை மாதம், பெயர் போடலாமா. படம் வந்த முதல் இரண்டு நாள் கமென்ட்களை யார் உட்கார்ந்து அழிப்பது என்பதையும் அதிலேயே பெயரோடு எழுதுங்கள். பிளஸ் சைஸ் படத்துக்குக் கீழே என்னென்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வேலையை இன்டெர்ன் தலையில் கட்டாதீர்கள், பிராண்டுக்குச் சொந்தக்காரர் செய்யட்டும்.