தோவாளையில இருந்து கேரளாவுக்குப் பூ அனுப்பறவங்களுக்கு: அடி விழுற வருஷத்துல ஆளுங்களை விடாம வச்சுக்கறது எப்படி

"அக்கா, பூ யாவாரம் தொடங்கணும், எவ்ளோ முதல் வேணும்"னு கேட்டு ஃபோன் பண்றவங்க நெறைய. முதல் எப்படியாவது பொரட்டிரலாம், முத்ரா லோன்ல 50,000 வரைக்கும் சிசுன்னு ஒண்ணு, அதுக்கு மேல 5 லட்சம் வரைக்கும் கிஷோர்னு ஒண்ணு இருக்கு, பேங்க்ல போய்க் கேளுங்க (அலைய விடுவாங்க, அது வேற கதை). ஆனா இங்க தோவாளைப் பூ மார்க்கெட்ல யாரும் கையில பைசா வச்சுக்கிட்டு பூ எடுக்கறது இல்ல, ஓசூர்ல இருந்தும் திண்டுக்கல்ல இருந்தும் சங்கரன்கோவில்ல இருந்தும் நமக்கு சரக்கு போடறவரும் கடனுக்குத்தான் போடுவாரு, கேரளா எல்லையில இருக்கற களியக்காவிளை தாண்டி நம்மகிட்ட எடுக்கற கடைக்காரரும் கடனுக்குத்தான் எடுப்பாரு, நடுவுல நாம நிக்கோம். ஒரு வருஷம் அடி விழுந்தா, அதாவது பெரிய நஷ்டம் வந்தா, ரெண்டு பக்கத்துக் கணக்கும் நம்ம தலையிலதான் வந்து விழும். அப்ப யாருகிட்ட முதல்ல பேசணும், என்ன பேசணும், அதுக்கு முந்தி நல்ல வருஷத்துலயே என்ன செஞ்சு வைக்கணும், இதத்தான் எழுதறேன். வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமப் போய் கடை என் கைக்கு வந்ததுல இருந்து பாத்துப் பாத்து தெரிஞ்சுக்கிட்டது. பூவை வச்சு சொல்றேன், காய்கறி, வாழைக்குலை அனுப்பறவங்களுக்கும் முக்காவாசி பொருந்தும்.

முதல்ல ஆளைப் பிடிக்கறது. புதுசா வர்றவங்க எல்லாரும் நேரா திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்டுல பெரிய கடையைத்தான் பாக்கப் போறாங்க. போகாதீங்கன்னு சொல்லல, ஆனா அங்க உங்க சரக்கு வரலன்னா அடுத்த லோடு ரெடியா நிக்கும், உங்க பேரு கூட அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் பக்கம் சின்னச் சின்ன கடை, கோயிலுக்கு மாலை கட்டிக் குடுக்கறவங்க, இவங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க. மழையோ வெயிலோ கோயிலுக்கு தினம் பூ வேணும், கொஞ்சமா எடுத்தாலும் நிறுத்த மாட்டாங்க. ஓணத்துக்கு மட்டும் வந்து குவியலா எடுக்கறவங்க இருக்காங்க பாருங்க, அவங்களுக்கு உங்க சரக்குல மூணுல ஒரு பங்குக்கு மேல எந்தக் காலத்துலயும் குடுக்காதீங்க.

அடுத்தது சரக்கைப் பத்தின உண்மை. நான் ரொம்ப கறாரா இருக்கறது இதுலதான். கேந்திப்பூ (செண்டுமல்லி) மூட்டை வந்து இறங்குனதும் மேல இருக்கற பூவைப் பாத்துட்டு விட்டுரக் கூடாது, வாயைப் பிரிச்சு முழங்கை வரைக்கும் கைய உள்ள விடணும், நடுவுல கதகதன்னு சூடு அடிச்சா அந்த மூட்டை போச்சு, மழையில நனைஞ்ச பூவை இறுக்கிக் கட்டுனா ரெண்டு மூணு மணி நேரத்துலயே அப்படித்தான் வெந்துரும், மேல மஞ்சளா சிரிச்சுக்கிட்டு இருக்கும், அடியில கொழகொழன்னு காம்பு கறுத்துப் போயிருக்கும். பிச்சி மொட்டுன்னா விரியறதுக்கு முந்தி போய்ச் சேரணும், வண்டி லேட்டானா விலை பாதி. இந்த மாதிரி சரக்கு ஏறிருச்சுன்னு தெரிஞ்சா வண்டி மார்த்தாண்டம் தாண்டறதுக்கு முந்தி நீங்களே கூப்பிட்டு சொல்லிரணும். "சேட்டா, இன்னிக்கு நாலு மூட்டை சரியில்ல, ஃபோட்டோ அனுப்பிருக்கேன், அத தனியா எடுத்து வைங்க, அதுக்கு பைசா வேண்டாம்." அவ்வளவுதான். அன்னிக்கு நஷ்டம் நமக்கு. ஆனா அடுத்த மாசம் நீங்க "பூ நல்லா இருக்கு"ன்னு சொன்னா அவர் மூட்டையைப் பிரிச்சுப் பாக்காமலே "கொள்ளாம் சேச்சி"ன்னு (நல்லா இருக்கு அக்கான்னு) எடுத்துக்குவாரு. சில பேரு நல்ல பூவுக்கு நடுவுல கெட்ட பூவைச் சொருகி அனுப்பிட்டு, ஓணத்துக்கு ஓணம் ஸ்வீட் பாக்ஸ் குடுத்து சரிக்கட்டப் பாப்பாங்க. எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது.

இனி அடி விழுற விஷயம். எப்பவாவதுதான் வரும்னு நெனச்சுக்கிட்டு இதுல இறங்காதீங்க. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தையே சாச்சுட்டுப் போச்சு, மறு வருஷம் கேரளா வெள்ளம், 2020ல லாக்டவுன், 2024 மே மாசம் அரளிப்பூவுக்கு வந்த பயம் (பின்னாடி சொல்றேன்), அதே வருஷம் ஜூலை 30 வயநாடு நிலச்சரிவு, அதனால அந்த ஓணத்துக்கு அரசாங்கக் கொண்டாட்டமே கிடையாது. எண்ணிப் பாத்தீங்கன்னா நல்ல வருஷம்தான் கம்மியா இருக்கும்.

இதுல வெள்ளத்தைக் கொஞ்சம் விரிவா சொல்றேன். 2018ல திருவோணம் ஆகஸ்ட் 25, ஓணத்துக்குப் பூக்கோலம் போட ஆரம்பிக்கற அத்தம் ஆகஸ்ட் 15. அத்தத்துல இருந்து பத்து நாளுதான் நம்ம யாவாரமே, அத நம்பி சரக்குக்கு சொல்லி வச்சிருக்கு, கேந்தி, வாடாமல்லி, கோழிப்பூ எல்லாம் லாரியில ஏறிருச்சு, சரியா அத்தத்தன்னிக்கு அங்க அணையெல்லாம் திறந்து ஊரு முங்குது, கொச்சி ஏர்போர்ட்டே மூடியாச்சு. அத்தப்பூ போட வாசலே இல்லாத இடத்துல யாரு பூ வாங்குவா. மார்க்கெட்ல அள்ளிப் போட ஆள் இல்லாம மூட்டை மூட்டையா கெடந்துச்சு. பாதிப் பேரு அன்னிக்கு செஞ்சது ஃபோனை சுவிட்ச் ஆஃப் பண்ணதுதான், அது ரொம்ப கெடுதி. நான் முதல்ல கூப்பிட்டது நான் பைசா குடுக்க வேண்டியவங்கள, பைசா வர வேண்டியவங்கள அன்னிக்கு கூப்பிடவே இல்ல. சங்கரன்கோவில் அண்ணாச்சிகிட்ட, அவர் டிவியில பாத்துட்டு கூப்பிடறதுக்கு முந்தி, "அண்ணாச்சி, சரக்கு போகல, ஓணத்துப் பைசா முழுசா இப்ப வராது, இன்னிக்கு கையில இருக்கறத அனுப்பறேன், மிச்சம் சரஸ்வதி பூஜை முடிஞ்சதும் தாரேன், நாளைக்கு லோடு ஏத்தாதீங்க"ன்னு சொன்னேன். கவனிங்க, இதுல நாலு விஷயம் இருக்கு: என்ன நடந்துச்சு, இப்ப எவ்ளோ, மிச்சம் எப்ப, அவருக்கு இனிமே நஷ்டம் ஆகாம இருக்க என்ன செய்யணும். அழுகை கெடையாது, "நீங்கதான் காப்பாத்தணும்" கெடையாது. அவர் ரெண்டு சத்தம் போட்டாரு, போடட்டும், கேட்டுக்கிட்டேன். நவராத்திரிக்குத்தான் நம்ம பத்மநாபபுரத்துல இருந்து சாமியெல்லாம் திருவனந்தபுரம் போகுமே, அந்த சமயம் அங்க பூவுக்கு கிராக்கி வந்துரும்னு ஒரு கணக்கு இருந்துச்சு, அத வச்சுத்தான் தவணை சொன்னேன். இஷ்டத்துக்கு ஒரு தேதிய சொல்லக் கூடாது, எந்த வரவை வச்சு சொல்றோம்னு நமக்குத் தெரியணும்.

நமக்கு தர வேண்டியவங்கள எப்ப கூப்பிடறதுன்னா, முதல் வாரம் பைசாப் பேச்சே எடுக்காதீங்க. செங்கன்னூர்ல ஒரு கடைக்காரருக்கு கடை, வீடு ரெண்டுக்குள்ளயும் தண்ணி, அவருகிட்ட நான் கேட்டது "பிள்ளைங்க எங்க இருக்கு, என்ன வேணும்"னுதான், வண்டி ஓட ஆரம்பிச்சதும் டிரைவர்கிட்ட அரிசியும் ரெண்டு போர்வையும் குடுத்து விட்டேன். அதுக்காக கணக்கைத் தள்ளிவிட்டேன்னு நெனச்சிராதீங்க, கடை திறந்ததும் நோட்டோட போயி உக்காந்து, பாக்கியைப் பேசி, வாரத்துக்கு கொஞ்சம்னு எழுதி, கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் வந்தேன். அடுத்த ஓணத்துக்கு முந்தி முடிச்சுட்டாரு.

அந்தக் கையெழுத்து ரொம்ப முக்கியம். கடன் பாக்கிக்கு கோர்ட்டுக்குப் போக மூணு வருஷம்தான் டைம், அதுக்குள்ள அவர் பாக்கி உண்டுன்னு எழுதி கையெழுத்துப் போட்டா அன்னிக்கு இருந்து புதுசா எண்ணலாம். செக் வாங்கி அது திரும்பி வந்தா, பேங்க் தகவல் கைக்கு வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் விடணும், நோட்டீஸ் கிடைச்சதுல இருந்து அவருக்கு 15 நாள், அதுலயும் தரலன்னா ஒரு மாசத்துக்குள்ள கேஸ். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு பண்ணா 45 நாள்ல பைசா வந்துரும்னு ஒரு பேச்சு சுத்துது, அது பொருள் செய்யறவங்களுக்கும் சர்வீஸ் பண்றவங்களுக்கும்தான். நம்மள மாதிரி வாங்கி விக்கறவங்களை 2021 ஜூலையில சேத்தாங்க, ஆனா பேங்க் லோன் முன்னுரிமைக்கு மட்டும், அந்த 45 நாள் சட்டம் நமக்குக் கிடையாது. அதனால கேஸுங்கறது கடைசி, பேச்சுதான் முதல். பேசப் போனா கடைக்குப் போங்க, வீட்டுக்குப் போகாதீங்க, வீட்டுல பொம்பளைங்க பிள்ளைங்க முன்னாடி கேட்டுட்டா அப்புறம் அந்த ஆளு பைசா தந்தாலும் பூ எடுக்க மாட்டாரு.

அரளி விஷயத்துல நடந்தது வேற மாதிரி. ஆலப்புழா பக்கம் ஒரு பொண்ணு இறந்து போச்சு, அரளியைத் தெரியாம மென்னதாலதான்னு சந்தேகம் வந்து, 2024 மே மாசம் அங்க கோயில்களை நடத்தற திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு இனிமே நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளி வேண்டாம்னு முடிவு எடுத்துட்டாங்க. பூஜைக்கு அரளி போடத் தடை இல்ல, ஆனாலும் ஜனங்களுக்குப் பயம் வந்துருச்சு. இது எனக்கு நியூஸ்ல வர்றதுக்கு முந்தியே ஒரு மாலைகட்டுற சேச்சி ஃபோன்ல சொல்லிட்டாங்க, "நாளைக்கு அரளி குறைச்சுக்கோ, துளசியும் தெச்சியும் கூட்டி அனுப்பு"ன்னு (தெச்சின்னா நம்ம இட்லிப்பூ). அந்த ஒரு ஃபோன் எத்தனை மூட்டையைக் காப்பாத்துச்சுன்னு பாத்துக்கிடுங்க. ஆனா அதுக்காக நம்ம ஊர் அரளித் தோட்டக்காரங்களை அப்படியே கைவிட முடியாது, அரளி ஒரு தடவை வச்சா வருஷக்கணக்கா பறிக்கற செடி, நாளைக்கே புடுங்கிட்டு வேற போட முடியாது. எடுக்கறத பாதியாக் குறைச்சு, விலையை முன்னாடியே சொல்லி, இந்தப் பக்கத்து மாலைக்கடைகளுக்குத் தள்ளி விட்டோம். விலை சொல்லாம சரக்கை வாங்கி வச்சுட்டு சாயங்காலம் "போகல"ன்னு கையை விரிக்கறது தோட்டக்காரங்களுக்குப் பண்ற துரோகம்.

டிரைவர், லோடுமேன் எல்லாருக்கும் கணக்கை அன்னன்னிக்கே முடிச்சிருங்க, அங்க கடன் சொல்லாதீங்க. ராத்திரி வண்டி எங்க நிக்குது, மூட்டை மேல தார்ப்பாய் போட்டாச்சான்னு பாக்கறது அவங்கதான்.

கடைசியா அடுத்த ஓணத்துக்கு. ஆடி பொறந்ததும் கல்யாணம் இல்லாம மார்க்கெட் கொஞ்சம் மந்தமா இருக்கும்ல, அப்பவே ஒவ்வொரு கடைக்கும் கூப்பிட்டு என்ன பூ, எத்தனை மூட்டை, எந்த நாளுக்குன்னு எழுதிக்கிடுங்க, நாலுல ஒரு பங்கு அட்வான்ஸ் கேளுங்க. பழைய ஆளுங்கள்ல பாதிப் பேரு தருவாங்க. தராதவங்களுக்கு அன்னன்னிக்கு காலையில மார்க்கெட் என்ன விலையோ அதுதான்னு ஆடியிலயே சொல்லி வச்சிருங்க, அத்தத்தன்னிக்கு சொன்னா சண்டைதான் வரும்.