பழைய பொலேரோ, சுமோ ஃபோர் வீல் வண்டியில் பின்சீட்டுக்கு ஏசி பொருத்தும் முறை

பின்சீட்டுக்குக் குளிர் வரவில்லை என்றதும் பலரும் நேராகப் பின் யூனிட் வாங்கப் போகிறார்கள். ஆனால் பாதி வேலை ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. இரண்டு கூலிங் காயில் இழுக்கும் சூட்டையும் அங்கே இருக்கும் ஒரே கண்டென்சர்தான் வெளியே தள்ள வேண்டும். அதனால் முதலில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது, ஐடிலில் முன் ஏசி மட்டும் ஓடியே ஹை சைடு (கம்ப்ரசரிலிருந்து கேஸ் அழுத்தத்தோடு வெளியேறும் பக்கம்) 250 பிஎஸ்ஐயைத் தாண்டினால், பின் ஏசியைச் சேர்ப்பது வீண். கண்டென்சரைக் கழுவி, 12 அங்குல ஃபேன் ஒன்று சேர்த்து, மறுபடி அளந்துவிட்டு மேலே போங்கள். வளைந்து வளைந்து போகும் ஒற்றைக் குழாய் கண்டென்சராக இருந்தால் பல குழாய்களில் ஒரே நேரத்தில் கேஸ் ஓடும் பேரலல் ஃப்ளோவுக்கு மாற்றிவிடுவதே நல்லது.

கம்ப்ரசர் 508 வகை என்றால் ஒரு சுற்றுக்கு 138 சிசி கேஸைத் தள்ளும். நெடுஞ்சாலையில் இரண்டு காயிலையும் சமாளிக்கும், டிராஃபிக்கில் திணறும். பிராக்கெட் ஒத்துவந்தால் 155 சிசி உள்ள 7எச்15 கம்ப்ரசர் போடலாம். வண்டி இன்னும் ஆர்12 கேஸில் ஓடுவதாக இருந்தால் முழு சிஸ்டத்தையும் ஆர்134ஏ-க்கு மாற்றிய பிறகே இந்த வேலை.

இருக்கிற கேஸை மெஷினில் இறக்கிக்கொள்ளுங்கள், காற்றில் விடாதீர்கள். டிரையரை (ஈரத்தை உறிஞ்சும் டப்பா) தாண்டி, திரவம் வரும் லிக்விட் லைனில் ஒரு டீ (மூன்று வழி இணைப்பு), முன் காயிலுக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே கேஸ் திரும்பும் சக்‌ஷன் லைனில் இன்னொரு டீ. பின் லைனுக்கு 5/16 அங்குல லிக்விட் ஹோஸும் 1/2 அங்குல சக்‌ஷன் ஹோஸும் வேண்டும், இரண்டும் கேஸ் கசியாத உள்படலம் கொண்ட பேரியர் ஹோஸாகவே இருக்கட்டும். டீக்குப் பக்கத்திலேயே லிக்விட் லைனில் மின்சாரத்தில் திறந்து மூடும் 12 வோல்ட் சோலனாய்டு வால்வு வைத்தால், பின் ஏசி வேண்டாதபோது அந்தப் பக்கத்தை அடைத்துவிடலாம்.

ஹோஸ் போகும் வழிதான் இந்த வேலையின் உயிர். சைலன்சர் போகும் பக்கத்தைத் தவிர்த்து, மறுபக்க சேசிஸின் உட்புறமாகக் கொண்டுபோங்கள். சூடு பட்டால் லிக்விட் வழியிலேயே கொதித்து, எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு (காயிலுக்குள் லிக்விடைப் பீச்சும் வால்வு) பாதி கேஸாகத்தான் போய்ச் சேரும். ஃபோர் வீல் வண்டியில் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸும் கூடுதல் தொல்லை. பின் ஆக்சில் முழுதாக மேலே ஏறினாலும் ஹோஸைத் தொடக் கூடாது. பாடி சேசிஸின் மேல் ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருப்பதால் மேடுபள்ளத்தில் இரண்டும் தனித்தனியே அசையும். ஆகவே சேசிஸிலிருந்து பாடிக்கு ஏறும் இடத்தில் ஒரு சாண் தளர்வு விடுங்கள், ஓட்டைக்கு ரப்பர் குரோமெட் கட்டாயம். இழுத்துக் கட்டிய ஹோஸ் அந்த இடத்தில்தான் முதலில் லீக் ஆகும்.

ஃபிட்டிங்கை இறுக்கும்போது எப்போதும் இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள், இல்லாவிட்டால் அலுமினியக் குழாய் முறுக்கிக்கொள்ளும். ஆர்134ஏ-க்கான பச்சை ஓ-ரிங்கை ஏசி ஆயிலில் நனைத்துப் போடுங்கள்.

யூனிட்டைக் கூரையில் வைத்தால் குளிர்காற்று தானாகக் கீழே இறங்கும், ஆனால் மலைப்பாதையில் காயிலில் வடியும் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும். இரண்டு பக்கமும் டிரெயின் பைப் கொடுங்கள். எக்ஸ்பான்ஷன் வால்வு பல்ப் (குழாயின் சூட்டை உணரும் குமிழ்) வகையாக இருந்தால், காயிலிலிருந்து வெளிவரும் சக்‌ஷன் குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பல்பை ஒட்ட வைத்துக் கிளாம்பால் கட்டி, கார்க் டேப் சுற்றுங்கள். கடிகாரத்தில் பத்து மணி அல்லது இரண்டு மணி முள் காட்டும் இடம் சரி. அடியில் வைத்தால் அங்கே ஓடும் ஆயில் பல்பை ஏமாற்றும். பல்ப் தளர்ந்தால் வால்வு அளவுக்கு மீறித் திறந்து, கம்ப்ரசர் வரை குழாய் வேர்த்துக் கொட்டும்.

பிளோயருக்கு 20 ஆம்பியர் ஃப்யூஸ், ரிலே, 4 சதுர மி.மீ. வயர். ரிலே சிக்னலைக் கம்ப்ரசர் கிளட்ச் வயரிலிருந்து எடுக்காதீர்கள், தெர்மோஸ்டாட் கட் ஆகும்போதெல்லாம் பின் காற்றும் நின்றுவிடும். முன் ஏசி சுவிட்சிலிருந்து எடுங்கள். முன் பிளோயர் ஓடாமல் பின் ஏசி மட்டும் ஓடவும் விடக் கூடாது, முன் காயில் ஐஸ் கட்டிவிடும்.

கூடுதல் காயிலுக்கும் ஹோஸுக்குமாக 50 முதல் 60 மி.லி. ஆயில் சேருங்கள். எந்த வகை பிஏஜி (PAG, ஏசி கம்ப்ரசருக்கான) ஆயில் என்பது கம்ப்ரசர் லேபிளில் இருக்கும். ஆயில் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், ஈரத்தை உறிஞ்சும். புது டிரையரை எல்லாவற்றையும் மாட்டிய பிறகு கடைசியாகத் திறந்து மாட்டுங்கள். ரெகுலேட்டர் வழியாக நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவி, அரை மணி நேரம் கேஜைக் கவனியுங்கள். பிறகு 45 நிமிடம் வேக்குவம் பம்ப் ஓட்டுங்கள். பம்பை நிறுத்தி, 20 நிமிடம் முள் அசையாமல் நின்றால் கேஸ் ஏற்றலாம். வண்டியின் ஏசி லேபிளில் உள்ள கேஸ் அளவோடு 200 கிராம் சேர்த்துத் தொடங்கி, அதன்பின் 50 கிராமாகக் கூட்டுங்கள். இரண்டு பிளோயரும் முழு வேகத்தில், எஞ்சின் 1500 ஆர்பிஎம்மில், வெளியே 35 டிகிரியில் லோ சைடு (கம்ப்ரசருக்குக் கேஸ் திரும்பும் பக்கம்) 30–45, ஹை சைடு 200–250 பிஎஸ்ஐ வந்தால் நிறுத்திவிடுங்கள். சைட் கிளாஸில் (லிக்விட் ஓடுவதைக் காட்டும் கண்ணாடி) ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது என்று ஏற்றிக்கொண்டே போனால் ஹை சைடுதான் எகிறும்.

இருபது நிமிடம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு லோ சைடு வேக்குவத்துக்கு இறங்கி, நிறுத்தி வைத்தால் மறுபடி வேலை செய்கிறதா? உள்ளே ஈரம் இருக்கிறது, வால்வு வாயில் பனியாக உறைகிறது. கேஸை இறக்கி, டிரையரை மாற்றி, வேக்குவத்தை மறுபடி நீண்ட நேரம் போடுவதைத் தவிர வழியில்லை.

பின்னால் ஆள் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் பின் ஏசியை ஓட்டுங்கள். வால்வால் அடைத்து வைத்த காயிலில் தேங்கும் ஆயில் அப்போதுதான் கம்ப்ரசருக்குத் திரும்பும்.