புகை விசிறி அதிர்ந்தால்: பெல்ட், தண்டு, அடித்தளம் ஆகியவற்றைச் சேர்த்துச் சோதிக்கும் முறை

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரச் செம்பனை ஆலைகளில் கொதிகலனின் புகையை இழுக்கும் விசிறி அதிரத் தொடங்கினால், இறக்கையில் படிந்த சாம்பலைச் சுரண்டிவிட்டுப் பேலன்ஸ் செய்வதே வழக்கம். பெரும்பாலும் அது சரியான வைத்தியமும்கூட. அதற்குப் பிறகும் அதிர்வு திரும்புமானால், வளையும் தண்டு, தொய்யும் பெல்ட், நெகிழும் அடித்தளம் ஆகியவை ஒன்றையொன்று ஆட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முதல் வேலை கணக்கு. மோட்டார் நிமிடத்திற்கு 1,480 சுற்று ஓடி, அதன் புல்லி 200 மி.மீ., விசிறியின் புல்லி 300 மி.மீ. என்று இருந்தால், விசிறி சுமார் 987 சுற்றில், அதாவது 16.4 ஹெர்ட்ஸில் சுழலும். 2,400 மி.மீ. நீளப் பெல்ட் நொடிக்கு ஏறக்குறைய 6.5 முறை சுற்றிவரும். அதிர்வுமானியில் 6.5, 13, 19.4 ஹெர்ட்ஸ் ஆகிய இடங்களில் முகடுகள் எழுந்தால் பெல்ட்டையும், 24.7இல் எழுந்தால் மோட்டாரையும் சந்தேகிக்கலாம். 16.4இல் எழுவதை மட்டும் உடனே சமநிலைக் குறை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

விசிறி ஓடும்போதே மின்சாரத்தை நிறுத்தி, வேகம் குறையக் குறைய அளவைப் பதிவு செய்யுங்கள். அதிர்வு அந்தக் கணமே மறைந்தால் கோளாறு மின்பக்கம். சீராகத் தணிந்தால் சமநிலைக் குறை. வழியில் ஒரு வேகத்தில் திடீரென ஏறி இறங்கினால், அங்கே ஓர் இயல் அதிர்வெண் (தட்டினால் ஒரு பாகம் தானாக அதிரும் வீதம்; சுழலும் வேகம் அதனோடு ஒத்துப்போனால் அதிர்வு பெருகும்) இருக்கிறது.

அடுத்தது தட்டிப் பார்க்கும் சோதனை. சுவிட்சைப் பூட்டி அபாய அட்டையைத் தொங்கவிட்ட பிறகும், புகைபோக்கியின் இழுப்பில் விசிறி தானாகவே சுழலக்கூடும் என்பதால், இறக்கையைக் கட்டிவைக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. பேரிங் கூட்டை ரப்பர் சுத்தியலால் தட்டி, பெல்ட் மாட்டிய நிலையில் ஒருமுறையும் கழற்றிய நிலையில் ஒருமுறையும் அளவெடுங்கள். இரண்டிலும் வெவ்வேறு எண்கள் வருவதுதான் இங்கே முக்கியத் தடயம்: நெருங்கிய அதிர்வெண் கொண்ட இரு பாகங்கள் இணைந்தால், அந்த அதிர்வெண்களில் ஒன்று கீழும் மற்றொன்று மேலுமாக விலகிவிடும். தனியே அளந்த பாகத்தை நம்பிச் செய்த திருத்தம் பலன் தராமல் போவது இதனால்தான்.

பெல்ட்டின் இழுவிசை நான்கில் ஒரு பங்கானால், அதன் அதிர்வெண் பாதியாகும். ஓடும் பெல்ட்டில் அது இன்னும் குறையும். ஆகவே நாளடைவில் தொய்யும் பெல்ட், 28 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறங்கி விசிறியின் 16.4ஐத் தொட்டுவிடலாம்.

அடித்தளத்திற்குப் பேரிங், அதன் கால், இரும்புச் சட்டம், கான்கிரீட் என வரிசையாக அளந்து, அடுத்தடுத்த இரு பரப்புகளுக்கிடையே அளவு எங்கே தாவுகிறதோ அங்கே போல்ட்டைப் பாருங்கள். நம் மண்ணின் இளக்கத்திற்கு தெலுக் இந்தானில் 1885இல் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரமே சாட்சி; கான்கிரீட்டும் அசையும்.

திருத்தத்தை ஒவ்வொன்றாகவே செய்து, ஒவ்வொரு முறையும் மறுபடி அளவெடுங்கள். இயல் அதிர்வெண் ஓடும் வேகத்திலிருந்து 20 சதவீதமாவது விலகியிருப்பது நல்லது. அதற்காகப் பெல்ட்டை அளவுமீறி இறுக்கினால் பேரிங் சூடாகும். புதுப் பெல்ட் முதல் நாளிலேயே சற்றுத் தளரும் என்பதால், மறுநாள் இழுவிசையை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.