மலையகப் பள்ளிக்கு இணையமில்லாக் கல்விப் பெட்டி: வடசென்னை இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணைய இணைப்பு இல்லாத பள்ளிக்கும் கணினிவழிப் பாடங்களைக் கொண்டு சேர்ப்பது இன்று கைக்கெட்டும் வேலையாகிவிட்டது. ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் இணையமின்றிப் பாடங்களைக் காட்டும் கொலிப்ரி, விக்கிப்பீடியாவைக் காட்டும் கிவிக்ஸ் ஆகிய கட்டற்ற மென்பொருள்களை நிறுவி, பாடக் காணொளிகளையும் பயிற்சிகளையும் விக்கிப்பீடியாவையும் ஏற்றிவிட்டால், அந்தப் பெட்டியே வகுப்பறைக்குள் வைஃபை தரும். மாணவர்கள் டேப்லெட்டிலோ பழைய கைப்பேசியிலோ பிரவுசரைத் திறந்து, டேட்டாவுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காமல் படிக்கலாம். வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் மாலை நேர டியூஷன் மையங்களில் பாடம் சொல்லித் தரும் கல்லூரி மாணவர்களுக்கு, இதை இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தின் தோட்டப் பள்ளிகளுக்கும் எடுத்துச் செல்லலாமே என்று தோன்றுவது இயல்பு. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து இந்திய வம்சாவளித் தமிழர் லட்சக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். மலையகத்திலேயே தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்று நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் குடும்பங்கள் பல வாழும் வடசென்னைக்கு, கடலுக்கு அப்பால் இருக்கும் உறவைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் இத்தகைய பெட்டி, கொண்டு சென்ற குழு ஊர் திரும்பிய சில மாதங்களிலேயே அதிபரின் (அங்கே தலைமை ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள்) அலமாரிக்குள் போய்விடக்கூடும். அதற்குப் பெரும்பாலும் பெட்டியின் கோளாறு காரணமாக இருப்பதில்லை. எதை ஏற்றுவது, எந்த வகுப்புக்கு, எந்த நேரத்தில், யார் பொறுப்பில் என்ற முடிவுகள் அனைத்தும் சென்னையிலேயே எடுக்கப்பட்டு, பள்ளி வெறுமனே வாங்கிக்கொள்ளும் இடமாக நிறுத்தப்படுவதே காரணம். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து பிறப்பவை.

முதல் தவறு, இங்கும் தமிழ், அங்கும் தமிழ் என்பதால் நம் பாடங்களே போதும் என்று நினைப்பது. நமக்குப் பத்தாம் வகுப்பில் பொதுத் தேர்வு. அங்கே தரம் 11 (பதினோராம் வகுப்பு) முடிவில் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரம், தரம் 13 முடிவில் உயர்தரம். அதற்கும் முன்னால், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் (கல்வி உதவித்தொகை) பரீட்சை ஒரு தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு நல்ல பள்ளியின் கதவைத் திறக்கக்கூடியது. பாடநூல்கள் வேறு, பாட வரிசை வேறு, வினா அமைப்பு வேறு. அறிவியல் பாடத்தில் இந்த வேறுபாடு இன்னும் ஆழமானது: நாம் ஆக்சிஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்று படிப்பதை அங்கே ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு என்று படிக்கிறார்கள், இயற்பியல் அங்கே பௌதிகவியல், வேதியியல் அங்கே இரசாயனவியல். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும் பிள்ளைக்கு நம் ஊர் ஆசிரியரின் காணொளியை அப்படியே கொடுத்தால், பாடத்தோடு சேர்த்துக் கலைச்சொற்களையும் மனத்துக்குள் மாற்றிக்கொள்ளும் சுமை அந்தப் பிள்ளையின் தலையில் ஏறுகிறது. இதைச் சிறிய விஷயமாக எண்ணக் கூடாது. இலங்கையின் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழ்வழிப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்ப் பாடங்கள் உள்ளன. பெட்டிக்குள் முதலில் போக வேண்டியவை இவையே. நம் பாடங்களைச் சேர்ப்பதென்றால், அங்குள்ள பாட ஆசிரியர் ஒருவர் பார்த்து, இது எந்தத் தரத்தின் எந்த அலகுக்குப் பொருந்தும் என்று சொன்ன பிறகே சேர்க்க வேண்டும். கொலிப்ரியில் இப்படித் தேர்ந்தெடுத்த பாடங்களை ஒரு தனி அலைவரிசையாகத் தொகுத்துக்கொள்ளும் வசதி உண்டு.

அளவைப் பெருமையாகக் கொள்வதும் இதனோடு சேர்ந்த தவறுதான். ஒரு டெராபைட் வட்டை நிரப்பிவிட்டோம் என்பதில் குழுவுக்கு மகிழ்ச்சி இருக்கலாம். நாற்பது நிமிடப் பாடவேளையில் ஆசிரியருக்கு வேண்டியது பத்து நிமிடக் காணொளி ஒன்றும் பயிற்சி ஒன்றும் மட்டுமே, அதுவும் தேடாமல் கிடைக்க வேண்டும்.

தேடுதல் என்றதும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இலங்கையில் நெடுங்காலமாக, யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டைப் பின்பற்றாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யும் வழக்கம் இருந்ததால், பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் பல அந்த வடிவில்தான் கிடைக்கும். திரையில் தமிழாகத் தெரியும். யூனிகோடில் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஸ்கேன் செய்த பக்கங்களும் அப்படியே. எனவே ஒவ்வொரு கோப்புக்கும் தரம், பாடம், அலகு, ஆண்டு ஆகியவற்றை யூனிகோடில் பெயராக இட வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் சென்னையில் இருந்தபடியே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுவே என்பது என் கருத்து. பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால் முடிந்துவிடும். தட்டச்சுப் பயிற்சி தருவதாக இருந்தால், தமிழ்99 விசைப்பலகையைத் திணிக்காமல், அங்கே வழக்கிலுள்ள ரெங்கநாதன் அமைப்பை வைத்துவிடுங்கள்.

அடுத்து மின்சாரம். ராஸ்பெர்ரி பை ஒன்றை முறையாக அணைக்காமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால், மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு சிதையலாம். இது பலமுறை நடந்தால் பெட்டி ஒரு நாள் தொடங்கவே தொடங்காது. மழைக்காலத்தில் மின்வெட்டும் இடியும் வழக்கமான மலைப்பகுதியில் இது நடக்கும் என்று எண்ணியே ஏற்பாடு செய்ய வேண்டும். இயங்குதளத்தையும் பாடங்களையும் மெமரி கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி என்ற சேமிப்பு வட்டில் வைப்பது, சிறிய பேட்டரி காப்பு ஒன்றை இணைப்பது, ஒரு பொத்தானை அழுத்தினால் ஒழுங்காக அணையும்படி அமைப்பது, முழுப் பெட்டியின் நகலையும் இன்னொரு கார்டில் எடுத்துப் பள்ளியிலேயே விட்டு வருவது ஆகிய நான்கையும் தவிர்க்க முடியாதவையாகக் கொள்ளுங்கள். கடிகாரத்தையும் மறந்துவிடக் கூடாது. ராஸ்பெர்ரி பை 4இல் கடிகாரத்துக்கெனத் தனி பேட்டரி இல்லை. இணையத்திலிருந்து நேரத்தைப் பெற முடியாத இடத்தில், அணைந்த நேரத்திலிருந்தே அது மீண்டும் எண்ணத் தொடங்கும். மாணவர் எந்த நாளில் எந்தப் பயிற்சியை முடித்தார் என்ற பதிவுகள் அனைத்தும் அதனால் தவறாகும். சிறிய கடிகாரத் தொகுதி ஒன்றைப் பொருத்தலாம். 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை 5இல் அந்த வசதி உள்ளேயே உண்டு, பேட்டரியை மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

ஒரு முழு வகுப்புக்கும் பெட்டியின் உள் வைஃபையே போதும் என்று நம்புவதும் தவறு. நடுத்தரத் தெளிவுள்ள காணொளிக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும், முப்பது பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் முப்பது மெகாபிட் தேவை. அத்தனை கருவிகளை அந்தச் சிறிய ஆன்டெனா தாங்காது. சாதாரண ரவுட்டர் ஒன்றை இணைத்துவிட்டால் தீர்ந்தது. காணொளிகளை எச்.264 என்ற பரவலான காணொளி வடிவில், 480 வரித் தெளிவில் வைத்தால் பழைய கைப்பேசிகளும் திணறாமல் ஓட்டும். ஒரே அறையில் முப்பது கருவிகளின் ஒலியும் கலந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்து இயர்போன்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் சோதிக்க வடசென்னையை விடப் பொருத்தமான இடம் தேட வேண்டியதில்லை. கல்லூரி ஆய்வகத்தில் நான்கு நண்பர்கள் சேர்ந்து பார்ப்பது சோதனை ஆகாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் உட்காரும் டியூஷன் மையம் ஒன்றில், அனைவரின் டேட்டாவையும் நிறுத்திவிட்டு, பெட்டியை அமைத்தவர்கள் வெளியே நிற்க, அங்கு பாடம் நடத்தும் அக்காவோ அண்ணனோ தாமாக ஒரு வாரம் அதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். பாடம் நடுவே வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். அந்த ஒரு வாரத்தில் எழும் கேள்விகளே பள்ளிக்கு எழுதித் தர வேண்டிய கையேட்டின் உள்ளடக்கம். சென்னையின் வெயிலில் பெட்டி சூடாவதைப் பார்த்து விசிறி வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். நுவரெலியாவில் ஈரமும் பூஞ்சையும்தான் கவலை தர வேண்டியவை, ஆகவே மூடிய உறையும் ஈரம் உறிஞ்சும் பைகளும் போதும்.

பயண ஏற்பாட்டில் நேரும் தவறுகள் சிறியவை என்றாலும் முழு முயற்சியையும் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடக்கூடியவை. பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி ஆகியவற்றைக் கைப்பையில்தான் கொண்டு செல்ல வேண்டும், ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்கு உட்பட்டிருந்தால் தனி அனுமதி தேவையில்லை. மின்னழுத்தம் இரு நாட்டிலும் 230 வோல்ட்தான். ஆனால் இலங்கையில் 13 ஆம்பியர் சதுரமுனை பிளக் பரவலாகிவிட்டதால் அதற்கேற்ற அடாப்டர் வேண்டும். பர்மா பஜாரில் கிடைக்கும் மலிவான சார்ஜர்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு போவதைத் தவிர்க்கவும், ஏனெனில் குறைந்த மின்னோட்டம் தரும் சார்ஜரால் பெட்டி காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப அணைந்து மீண்டும் தொடங்கும். நம் கோடை விடுமுறையை மட்டும் பார்த்துத் தேதி குறித்தால், ஏப்ரலில் அங்கே சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பூட்டிய பள்ளியைத்தான் காண்பீர்கள்.

அனுமதி பற்றிய அலட்சியம் இதை விடப் பெரியது. அதிபர் தொலைபேசியில் வாருங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. பள்ளிகளை நிர்வகிக்கும் வலயக் கல்வி அலுவலகத்தின் எழுத்து வழி இசைவு வேண்டும். எந்த விசாவில் சென்றால் பள்ளிக்குள் பயிற்சி நடத்தலாம் என்பதைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். புதிய டேப்லெட்டுகளைக் கொண்டு சென்றால், அவை நன்கொடை என்பதற்குப் பள்ளியின் கடிதம் கையில் இல்லாமல் சுங்கத்தில் விளக்கம் சொல்வது கடினம். பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகப் பணம் திரட்டினால், வரி விலக்குப் பெறும் அறக்கட்டளையின் வருமானத்தை வெளிநாட்டில் செலவிடுவதற்குத் தனி விதிகள் உண்டு என்பதால், திரட்டும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

யூடியூபில் பிடித்த ஆசிரியரின் காணொளிகளைத் தரவிறக்கிப் பெட்டியில் ஏற்றுவதும் தவறு. நல்ல நோக்கம் என்பது உரிமம் ஆகாது. ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்து வழி ஒப்புதல் பெறுங்கள். விக்கிப்பீடியாவும் கான் அகாடமியும் தம் உரிமங்களை வெளிப்படையாக அறிவித்துள்ளன. அவற்றின் நிபந்தனைகளைப் படித்து, பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்த வேண்டும். பிள்ளைகளின் படங்களைப் பொறுத்தவரை என் நிலை கறாரானது. லயன் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில் டேப்லெட்டுடன் நிற்கும் சிறுமியின் படம் நன்கொடை திரட்டப் பயன்படும் என்பதற்காக, பெற்றோரின் இசைவின்றி அதை எடுக்கவும் கூடாது, பகிரவும் கூடாது.

கடைசியாக, பெட்டியைக் கொடுத்த நாளையே வேலை முடிந்த நாளாகக் கருதும் தவறு. பாடத்திட்டம் மாறும், ஆசிரியர் இடமாற்றம் பெறுவார், கார்டு பழுதாகும். ஆகவே ஒரு ஆசிரியருக்குப் பதில் இரண்டு ஆசிரியர்களுக்கும், உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கும் பயிற்சி தந்து, பெட்டியைப் புதிதாக நிறுவும் வேலையை அவர்கள் கையாலேயே ஒருமுறை செய்ய வைக்க வேண்டும். கொலிப்ரியின் புதிய பாடங்களைப் பென் டிரைவ் வழியாகவே ஏற்றலாம் என்பதால், ஆண்டுக்கு இருமுறை புதுப்பிப்பு அனுப்புவது இயலும். அந்த பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள்; ஃபேட்32 முறையில் நான்கு ஜிகாபைட்டை விடப் பெரிய கோப்பு ஏறாது, விக்கிப்பீடியாக் கோப்புகள் பல அந்த அளவைத் தாண்டுபவை. எந்த மாதம், யார் வழியாக அனுப்புவது, அங்கே யார் ஏற்றுவது, பழுதானால் உதிரிக்கு யார் பணம் தருவது என்பவற்றை இரு தரப்பும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு பயணச் சீட்டு எடுங்கள்.